வாதிகள் ஏறிய மண்டபம்

பண்டிகைக் காலைகளில் தொலைக்காட்சியில் தவறாமல் இடம்பெறும் பட்டிமன்றத்தின் வேரைத் தேடிச் செல்பவர், காவிரிப்பூம்பட்டினத்தில் இருபத்தெட்டு நாள் நடந்த இந்திர விழாவுக்கே போய்ச் சேர வேண்டும். அவ்விழாவை யானைப் பிடரியில் முரசேற்றி அறிவிப்பவன், தெருக்களில் புதுமணல் பரப்பச் சொல்வதோடு நில்லாமல், தத்தம் சமயப் பொருளை நிலைநாட்ட வல்ல வாதிகள் முறையறிந்து பட்டிமண்டபத்தில் ஏறுமாறும், பகைவரிடத்தும் பூசலிடாது விலகிச் செல்லுமாறும் வேண்டுவதாக மணிமேகலைக் காப்பியம் கூறுகிறது. வாதத்தை விழாவின் அங்கமாக்கி, சினத்தை விழாவுக்குப் புறம்பாக்கிய அந்த அறிவிப்பில் நடுவரைப் பற்றிய பேச்சே இல்லை.

வாதம் நடந்த முறையை அதே காப்பியத்தின் வஞ்சிப் பகுதி காட்டுகிறது. சமயக் கணக்கர், அதாவது தத்தம் சமயக் கொள்கையை எடுத்துரைத்து நிறுவும் அறிஞர், ஒவ்வொருவராகப் பேச, காப்பியத் தலைவி மணிமேகலை ஒவ்வொன்றையும் முழுமையாகக் கேட்கிறாள். கண்கூடாகக் காண்பது மட்டுமே உண்மை, அனுமானம் செல்லாது, மறுபிறப்பும் இல்லை என்று பூதவாதி சாதிக்கும்போது, அவனுடைய தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அவன் அறிந்தான் என்று கேட்கிறாள். அளவை எனப்படும், உண்மையை அறியும் வழி பற்றிய நீண்ட விவாதம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது. ஆயினும் இளம்பெண்ணுக்கு எவரும் சமயப் பொருள் உரைக்க மாட்டார் என்று தெய்வம் முன்பே உணர்த்தியிருந்ததால், அவள் தவசி வடிவம் கொண்டே அவர்களிடம் செல்ல நேர்ந்தது. பண்டை அறிவரங்கின் பெருமையைப் பேசுவோர் இந்தக் குறையையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

1939இல் சா. கணேசன் காரைக்குடியில் நிறுவிய கம்பன் கழகத்தின் விழாக்களில் பட்டிமண்டபம் புதிய உருவம் பெற்றது. காப்பியப் பாத்திரங்களின் செயலை இரு அணிகள் பாடல்களைச் சான்று காட்டி வாதிட, குன்றக்குடி அடிகளார் போன்றோர் நடுவராக இருந்து தீர்ப்புரைத்தனர். பின்னர் தொலைக்காட்சிக்கு வந்தபோது, பாடல்களின் இடத்தைக் குடும்பமும் உறவுகளும் பிடித்துக்கொண்டன.

பெண்கள் வேற்றுரு எதுவும் இன்றித் தம் குரலிலேயே இரு அணிகளிலும் பேசுவது இக்காலத்தின் பெரும் பேறு. ஆனால், எந்த அணியில் பேசுவது என்பது பெரும்பாலும் முன்பே ஒதுக்கப்பட்டுவிடுவதால், தாம் உண்மையிலேயே நம்புவதை நிறுவ வேண்டிய கட்டாயம் பேச்சாளருக்கு இல்லை. எதிரணியின் கேள்வி எத்தனை கூர்மையாக இருந்தாலும், அதனால் அவர் இழக்க வேண்டிய கொள்கை எதுவும் அந்த மேடையில் இல்லை.