பழைய மில் இடம் வாங்கும் முன்

கடைத்தெருச் சந்துகளில் லாரி திரும்ப வழியில்லாததால், ஓரிக்கை, செவிலிமேடு பக்கம் கிடங்கு போட நம் வணிகர்கள் பலர் இடம் பார்க்கின்றனர். தரகர் காட்டும் இடங்களில் மூடிய ரைஸ் மில், ஓடாத சாயப்பட்டறை, ஜரிகைக்கு முலாம் பூசிய கொட்டகை ஆகியவையும் இருக்கும். சுற்றுச்சுவர், கிணறு, கரண்ட் எல்லாம் தயார். விலையும் சற்று மலிவு. மலிவுக்குக் காரணம் கேட்பவர்தான் குறைவு.

வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா பார்த்து வக்கீல் கருத்தும் வாங்கிவிடுகிறோம். அவை இடம் யாருடையது என்று சொல்லும். அங்கே முப்பது வருடமாக எதை ஊற்றினார்கள், பள்ளத்தை எதைப் போட்டுத் தூர்த்தார்கள் என்பது எந்தப் பத்திரத்திலும் இராது.

நம் பாலாற்றங்கரையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகளைத் தயாரித்து வந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1995ல் மூடப்பட்டது. திறந்த வெளியில் குவித்த லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு அப்படியே கிடக்க, மழையில் அது கரைந்து இறங்கி நிலத்தடி நீர் மஞ்சளாயிற்று. அதிலுள்ள ஹெக்சாவேலன்ட் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் ராணிப்பேட்டைக் குவியல் அதன் பிறகும் பல்லாண்டு அங்கேயே கிடந்தது. மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து சீர்செய்ய மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளும் வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் பட்டறையை விற்றுவிட்டு ஊரை விட்டே போனவரைத் தேடிப் பிடித்துப் பணம் வாங்குவது சிறு வியாபாரியால் ஆகிற காரியமா?

நம் ஊர்ப் பட்டறைகள் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்த தண்ணீரும் சாயத் தண்ணீரும் ஊறிய மண்ணில் உப்புத் தங்கும். சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும்போது நாம் கொத்தனாரைத் திட்டிக்கொண்டிருப்போம். அடி வரிசை மூட்டைகள் ஈரம் இழுக்கும். முலாம் பூசிய இடமென்றால் சயனைடு கலந்த கரைசல் புழங்கியிருக்கக்கூடும். கிணற்று நீரைச் சோதிக்காமல் ஆட்களைக் குடிக்க விடக்கூடாது. சோதிக்கக் கொடுக்கும்போது உலோகங்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண குடிநீர்ச் சோதனையில் பொதுவாக அவை வருவதில்லை.

ரைஸ் மில் இடத்தில் கவலை வேறு. நெல் ஊறவைத்த தொட்டிகளையும் பள்ளங்களையும் உமிச் சாம்பல், செங்கல் இடிபாடு கொண்டு மூடி, மேலே ஒரு லோடு கிராவல் பரப்பியிருப்பார்கள். பார்வைக்குக் கெட்டித் தரை. நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 50 கிலோ மூட்டை தரையில் சுமார் 5 சதுர அடி பிடிக்கும். 20 மூட்டை உயரம் அடுக்கினால் 1,000 கிலோ, அதாவது சதுர அடிக்கு 200 கிலோ. குடியிருப்பு வீட்டுத் தளத்திற்கு இன்ஜினியர்கள் கணக்கில் எடுக்கும் பாரத்தைப் போல் இது ஏறத்தாழ பத்து மடங்கு. சாம்பல் நிரப்பிய மூலையில் மட்டும் தரை அமுங்கினால் அடுக்கு சாயும், ஆள் மேல் விழும்.

எனவே ஜேசிபி வைத்து நாலைந்து இடத்தில் ஆளுயரக் குழி எடுத்துப் பார்ப்பது முதல் வேலை. கருப்புச் சாம்பல், நிறம் மாறிய மண், மருந்து வாடை தெரிந்தால் மண்ணை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும். பிறகு இன்ஜினியர் மூலம் துளைச் சோதனை. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி ஆகிறதென்று எண்ணுவார்கள். அடி குறைந்தால் மண் தொளதொளப்பு. ஒரே இடத்தில் துளையிட்டு ரிப்போர்ட் கொடுப்பவரை நம்ப வேண்டாம்.

அந்த சர்வே எண்ணில் எந்தத் தொழிலுக்கு இசைவு கொடுத்தார்கள் என்று மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். சிறு பட்டறைகள் பல, இசைவே வாங்காமல் ஓடியிருக்கும். அங்கு வேலை செய்த பெரியவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் தொட்டி எந்த மூலையில் இருந்ததென்று சொல்லிவிடுவார்.

இவற்றுக்கெல்லாம் சில வாரம் பிடிக்கும். ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும்போதே, மண், நீர்ச் சோதனை சரியில்லையெனில் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்றும், அங்கு நடந்த தொழில் இன்னது என்றும் விற்பவர் கையெழுத்துடன் அக்ரிமெண்டில் எழுதி வாங்கிக்கொள்ளவும்.