இன்னொரு குடிநோயாளியைத் தேடி

1935 மே 11, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் நகரம். மேஃபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில் பில் வில்சன் தனியாக நின்றிருந்தார். நியூயார்க்கில் பங்குத்தரகுத் தொழில் செய்தவர். வந்த காரியம் கைகூடவில்லை. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடம், உள்ளே பேச்சும் சிரிப்பும். இன்னொரு பக்கம் தொலைபேசியும், ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியலும்.

அவர் தொலைபேசியை எடுத்தார். ஒரு பாதிரியாரிடம் அவர் கேட்டது மருத்துவரையோ புத்தி சொல்கிறவரையோ அல்ல. குடியோடு போராடிக்கொண்டிருக்கும் ஒருவரை. அந்த மாதிரி ஆளோடு பேசினால்தான் தான் இன்றைக்குக் குடிக்காமல் தப்பிக்கலாம் என்று அவருக்குப் பட்டது. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, தேடல் மறுநாள் மாலை பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது. கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லி வந்தவர், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். ஏ.ஏ. என்று நாம் சுருக்கிச் சொல்லும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கு அந்தப் பேச்சுதான் விதை.

பாப் அதோடு குடியை நிறுத்திவிடவில்லை. மருத்துவ மாநாடு ஒன்றுக்குப் போனவர், நிறைபோதையில் திரும்பி வந்தார். அடுத்து ஓர் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், கையோ நடுங்குகிறது. நடுக்கம் அடங்க அன்று காலை ஒரு புட்டி பீர் கொடுத்தார்கள். அதுவே அவர் கடைசியாகக் குடித்தது. ஜூன் 10 என்ற அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

அந்த நடுக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் குடியை நிறுத்துவது பற்றிப் பேசக்கூடாது. மூளையைச் சாந்தப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. தூண்டிவிடும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. வருடக்கணக்கில் குடிப்பவரின் மூளை இதற்கு ஈடுகொடுக்கத் தன்னையே மாற்றிக்கொள்கிறது. திடீரென்று மது நின்றால் தூண்டல் மட்டும் கட்டில்லாமல் மிஞ்சும். ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. சபரிமலைக்கு மாலை போட்டுச் சட்டென்று நிறுத்துபவர்களுக்கும் இது நேரலாம். ஆகவே, தினமும் நிறையக் குடிப்பவருக்கு முதல் படி மருத்துவர். கூட்டம் அதை ஒட்டி வருவது. சோற்றில் தெரியாமல் மருந்து கலந்து கொடுப்பதை வீட்டார் அறவே விட வேண்டும். அதன் மேல் குடித்தால் விபரீதமாக முடியலாம்.

கூட்டத்தால் பலன் உண்டா? வெறும் ஆறுதல்தானே என்று பல காலம் சந்தேகம் இருந்தது. 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு அலசியது. ஏ.ஏ. பக்கம் முறையாக வழிநடத்தும் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் சுமார் 42 சதவீதம் பேர் குடியைத் தொடாமல் இருந்தார்கள். மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35. பெரிய இடைவெளி இல்லைதான். ஆனால் காசே வாங்காத ஓர் ஏற்பாடு, தேர்ந்த சிகிச்சைகளுக்குச் சமமாகவும் சில இடங்களில் மேலாகவும் நிற்பது என்னை வியக்க வைக்கிறது. எப்படி வேலை செய்கிறது என்று தோண்டியவர்கள் கண்டதில் முக்கியமானது, சுற்றியிருக்கும் ஆட்கள் மாறுவது. சாயங்காலமானால் கட்டிங்குக்குக் கூப்பிடும் நண்பர்களின் இடத்தில், குடிக்காத மாலையை எப்படிக் கடப்பது என்று தெரிந்தவர்கள் வந்து சேர்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் தமிழிலேயே ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. எங்கே, எந்தக் கிழமை என்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற மையங்களிலும் கேட்கலாம். அரசின் இலவச உதவி எண்கள் 14446, 14416. திறந்த கூட்டத்துக்கு வீட்டாரும் போகலாம்; மூடிய கூட்டம் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. கட்டணம் கிடையாது. முழுப்பெயர் சொல்ல வேண்டாம். பேசியே ஆக வேண்டும் என்றும் இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். முதல் கூட்டம் ஒட்டவில்லையென்றால் இன்னொரு குழுவைப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. கணவரோ அண்ணனோ வர மறுத்தாலும் வீட்டிலுள்ளவர்கள் தங்களுக்காகப் போக அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. பில்லின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிவைத்தவை.

வாசலில் தயங்கி நிற்பவருக்கு உள்ளே இருப்பவர்கள் தேவைப்படுவதைப் போலவே, அவர்களுக்கும் அவர் தேவைப்படுகிறார். குடியிலிருந்து மீள்பவர்களில், மற்றவருக்கு உதவியவர்கள் மீண்டும் சறுக்குவது குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக்ரனில் அந்த இரண்டு பேரும் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். அதே ஜூன் மாதம் நகர மருத்துவமனைக்குப் போய், குடியால் படுத்திருப்பவர் யாராவது உண்டா என்று விசாரித்தார்கள். பில் டாட்சன் என்ற வழக்கறிஞர் இருந்தார். திரும்பத் திரும்ப அங்கே சேர்க்கப்பட்டவர். கட்டிலருகே உட்கார்ந்து இருவரும் தங்கள் கதையைச் சொன்னார்கள். சில நாள் கழித்து, ஜூலை 4 அன்று அவர் மருத்துவமனையை விட்டு வெளியே வந்தார். இப்போது அவர்கள் மூன்று பேர்.