மலிவுப் பையின் வழக்கில் வாங்குபவருக்கும் ஓர் இடம்

வட்டவளையைக் கடந்து அட்டனை நோக்கி ஏறும் ரயில் பாதையில் இருக்கிறது றொசல்ல. இந்த மலைகளின் தேயிலைத் தூள் கொழும்பு ஏலத்துக்குப் பெரும்பாலும் பல அடுக்குக் கடதாசிப் பைகளில் இறங்கிப் போகிறது. அதுவே சில்லறைப் பக்கற்றாக மலைக்குத் திரும்பும்போது பிளாஸ்டிக் உறைக்குள் வருகிறது. லயத்துக்குப் பக்கத்துக் கடையில் சீனி, பருப்பு, மா எல்லாமே பொலித்தீன் பையில்தான் கைமாறுகின்றன.

வெளிநாட்டுப் பைகள் அளவுக்கு மீறி மலிவாக இறக்கப்படுகின்றனவா என்று கொழும்பில் ஒரு விசாரணை நடந்தால், இந்தப் பைகளின் விலை ஏறக்கூடும். அதற்கான சட்டம் 2018 முதல் நாட்டில் இருக்கிறது. விசாரிக்கும் பொறுப்பு வர்த்தகத் திணைக்களத்துடையது.

கணக்கு எப்படி?

ஒரு பை, அது தயாராகும் நாட்டில் 10 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதையே 7 ரூபாய்க்கு இங்கே அனுப்பினால் இடைவெளி 3 ரூபாய். ஏற்றுமதி விலையில் ஏறத்தாழ 43 சதவீதம். இதைத்தான் டம்பிங் என்கிறார்கள். அந்த இடைவெளியை அடைக்க விதிப்பது டம்பிங் எதிர்ப்புத் தீர்வை. விலை இறங்கியதற்கு ஏற்றுமதி நாட்டு அரசு கொடுத்த மானியம் காரணமென்றால், விதிப்பது எதிரீட்டுத் தீர்வை.

மலிவாக வந்தது என்று மட்டும் காட்டினால் போதாது. உள்நாட்டுத் தொழிலுக்குக் கணிசமான பாதிப்பு ஏற்பட்டதையும், அது அந்த இறக்குமதியால்தான் ஏற்பட்டது என்பதையும் நிறுவ வேண்டும். உலக வர்த்தக நிறுவனத்தின் விதிப்படி, டம்பிங் இடைவெளி 2 சதவீதத்துக்குக் குறைவானால் வழக்கு அத்தோடு முடிந்தது. விசாரணை 18 மாதங்களைத் தாண்டக் கூடாது. மறுஆய்வில் நீடிக்கப்படாத தீர்வை 5 ஆண்டுகளில் காலாவதியாகிவிடும்.

அமெரிக்கா கண்டது

கடைப் பைக்காக நடந்த வழக்குகளில் பேர்போனது அமெரிக்காவில் நடந்தது. சீனா, மலேசியா, தாய்லாந்து நாடுகளின் பொலித்தீன் பைகளுக்கு 2004இல் அங்கே தீர்வை விழுந்தது. அத்தோடு தீரவில்லை. 2010இல் இந்தோனேசியா, தாய்வான், வியட்நாம் பைகளுக்கும் அதே கதி. வியட்நாம் பைகளுக்கு எதிரீட்டுத் தீர்வையும் சேர்ந்தது. ஒரு வாசலை அடைத்தால் சரக்கு வேறு வாசலால் வரும் என்பதற்கு இது சாட்சி.

தாய்லாந்து சும்மா இருக்கவில்லை; உலக வர்த்தக நிறுவனத்திடம் முறையிட்டது. தாய்லாந்தின் உள்நாட்டு விலையைவிடக் கூடிய விலைக்கு அனுப்பிய சரக்குகளின் கணக்கை அமெரிக்கா பூச்சியமாக்கி, குறைந்த விலைக்கு அனுப்பியதை மட்டும் கூட்டி இடைவெளியைப் பெருக்கிக் காட்டியது. அந்த நிறுவனத்தின் நடுவர் குழு 2010 ஜனவரியில் அந்தக் கணக்கு முறை விதிக்கு முரணானது என்றது. பார்வைக்கு வெறும் கணிதம். பின்னால் யார் கூட்டுகிறார், எதைக் கழிக்கிறார் என்ற அரசியல்.

இலங்கை எங்கே நிற்கிறது?

இலங்கை முதலில் இந்தக் கூண்டில் ஏறியது குற்றம் சாட்டப்பட்ட பக்கமாக. இங்கிருந்து போன எம்.டி.எஃப். எனப்படும் மரநார்ப் பலகைக்கு, சீனா, மலேசியா, தாய்லாந்துப் பலகைகளோடு சேர்த்து, இந்தியா 2009இல் டம்பிங் எதிர்ப்புத் தீர்வை விதித்தது. அப்போது, அப்படியொரு தீர்வையைத் திருப்பி விதிக்கவேனும் இலங்கையிடம் சட்டம் இருக்கவில்லை. செஸ் போன்ற மேலதிக வரிகள்தான் உள்நாட்டுத் தொழிலுக்கு வேலி. அந்த வரிகளில் ஒரு பகுதியைக் கழற்றி, சிங்கப்பூருடன் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையும் செய்த காலத்தில்தான் 2018ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது.

உள்நாட்டுப் பை உற்பத்தியாளரின் முறைப்பாட்டை அலட்சியம் செய்ய முடியாது. அவருக்கு வேண்டிய பொலித்தீன் மூலப்பொருளும் வெளிநாட்டிலிருந்தே வர வேண்டும். மூலப்பொருளை டொலருக்கு வாங்கி, மானியம் பெற்ற வெளிநாட்டுப் பையோடு போட்டி போடுவது நியாயமான பந்தயம் அல்ல. தொழிற்சாலை மூடினால் வேலை போகும்.

ஆனால் சட்டம் முதலில் அளப்பது அவருடைய பாதிப்பைத்தான். முறைப்பாடு செய்யும் தகுதியும் உள்நாட்டு உற்பத்தியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பொறுத்தது. பையை வாங்குபவர் அந்தக் கணக்கில் இல்லை.

அவருக்கும் ஒரு கதவு உண்டு. விசாரணையில் அந்தப் பொருளைப் பயன்படுத்தும் தொழில்களும், அது சில்லறையாகப் பரவலாக விற்கப்படுவதானால் நுகர்வோர் அமைப்புகளும் தகவல் தர வாய்ப்பளிக்க வேண்டும் என்று உலக வர்த்தக நிறுவனத்தின் டம்பிங் எதிர்ப்பு உடன்படிக்கை சொல்கிறது. பாதிப்பை நீக்கக் குறைந்த தீர்வை போதுமானால் அதுவே விரும்பத்தக்கது என்றும் சொல்கிறது. மேலே சொன்ன உதாரணத்தில் 2 ரூபாய் போதுமென்றால், 3 ரூபாய் எதற்கு?

பெரிய ஏற்றுமதியாளருக்கு, ஏற்றுமதிக்கான உள்ளீடுகளைத் தற்காலிகமாக வரியின்றி இறக்கும் திட்டம் இருக்கிறது. பொதி செய்யும் பொருளும் அதில் அடங்கும். அட்டன் கடைக்காரருக்கும், நூறு கிராம் தூளாக வாங்கிக் குடிக்கும் தோட்டத்துக் குடும்பத்துக்கும் அப்படி ஒரு வழியில்லை. தீர்வையின் பாரம் கடைசியில் இறங்குவது அவர்கள் பணப்பையில்.

குப்பை வேறு பிரச்சினை. 2017இல் லஞ்ச் ஷீட்டுக்கும் 20 மைக்ரோன் அல்லது அதற்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீனுக்கும் வந்த தடைதான் அதற்கான கருவி. தீர்வை பையின் விலையைத் திருத்தும். ஓடையைச் சுத்தம் செய்யாது.

ஆகவே அட்டன் வர்த்தகச் சங்கங்களும், தோட்டக் கூட்டுறவுக் கடைகளும், தூள் பொதிசெய்யும் சிறு நிறுவனங்களும் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: பை வாங்கிய பற்றுச்சீட்டுகளை ஆண்டுவாரியாகச் சேர்த்து வைப்பது. விசாரணை அறிவித்தல் வந்த பிறகு தேடத் தொடங்கினால் காலக்கெடு ஓடிவிடும். உற்பத்தியாளரின் கணக்காளர் தாளோடு வருவார். வாங்குபவரும் தாளோடு போனால்தான் அவர் பேச்சும் ஏட்டில் ஏறும்.