உங்களுக்குத் தெரியுமா? கரிசல் வாய் பிளந்தால்...

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் கோடையில் விழும் வெடிப்பு ஒரு மீட்டர் ஆழம்கூடப் போகும். ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு அகலமும் இருக்கும்.

வெடிக்க வைப்பது ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமம். தாள் தாளாய் அடுக்கிய இதன் இடுக்குகளில் தண்ணீர் ஏறினால் மண் உப்பும், இறங்கினால் சுருங்கும். ஒரு கிராம் சுத்தமான ஸ்மெக்டைட்டின் தாள்களை எல்லாம் விரித்தால் பரப்பு சுமார் 700 சதுர மீட்டர் வரும். மனைக் கணக்கில் மூன்று கிரவுண்டு!

மானாவாரி வயலில் பயிர் இல்லையா? வெடிப்பை மூட மெனக்கெட வேண்டாம். மேல்மண் அதற்குள் சரியும். மழையில் மண் உப்பும்போது இடம் போதாமல் அடிமண் மேலே தள்ளப்படும். ஏர் இல்லாமல் நடக்கும் உழவு இது. முதல் மழையும் அந்த வழியாகத்தான் ஆழத்துக்கு இறங்குகிறது. வெடிப்பு மூடிக்கொண்ட பிறகு, அதே கரிசலில் தண்ணீர் இறங்குவதைப் பார்க்கத் தனிப் பொறுமை வேண்டும்.

பயிர் நிற்கும்போது கதை வேறு. வெடிப்பு விரியும்போது வேர் அறுபடும். பிளவின் இரு பக்கச் சுவர்களும் வெயிலுக்குத் திறந்து கிடப்பதால் ஆழத்து ஈரமும் ஆவியாகிப் போகும். பருத்திக் காட்டில் மேலாக ஓட்டும் ஊடுழவு களையை மட்டும் ஒழிப்பதில்லை. கிளம்பும் புழுதி வெடிப்பின் வாயையும் அடைக்கிறது. இதை வெடிப்பு மெலிதாக இருக்கும்போதே செய்ய வேண்டும். பிளந்து இறுகிய பிறகு ஓட்டினால் கட்டிதான் பெயரும்.

வட கர்நாடகத்தில் கதக், கொப்பள் பக்கத்து விவசாயிகள் கரிசலின் மேல் ஓடை மணலைப் பரப்பி வைக்கிறார்கள். வெடிப்பு குறையும், ஈரம் நிற்கும். மணல் அடிக்கிற செலவைத் தாங்க முடிந்தவர்களுக்கு நல்ல வழி. மற்றவர்கள் சோளத்தட்டையைப் பரப்பலாம்.

ஜிப்சம் போட்டால் எந்த வெடிப்பும் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். சோடியம் மிகுந்த களர் நிலத்தில் அது மண்ணைத் திருத்தும். சோடியம் இல்லாத கரிசலில் வெடிப்பை நிறுத்தாது. ஸ்மெக்டைட்டின் குணம் அது. மண் பரிசோதனைக்குப் பிறகு மூட்டை வாங்குவதே புத்திசாலித்தனம்.

டெல்டாவின் களிமண் வயலில் குறுவைக்கு முதல் தண்ணீர் விடும்போது கவனித்திருப்பீர்கள்: மடை திறந்து வெகுநேரம் ஆகியும் மறுகோடி வரப்புக்குத் தண்ணீர் போய்ச் சேராது. வெடிப்பு வழியே உழவு அடுக்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. முந்தைய அறுவடை முடிந்து ஈரம் இருக்கும்போதே மேலாக ஓர் உழவு போட்டு வைத்தால், உதிர்ந்த மண் வெடிப்புகளை அடைத்து இந்த வீணடிப்பைப் பெரிதும் குறைக்கும். இதற்கு டிராக்டர் வாடகை கேட்கிறதே என்று தள்ளிப்போடுவோர், பிறகு மோட்டார் ஓடும் மணிநேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

நெல் வயலில் வெடிப்பே ஒரு கடிகாரம். காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில், நின்ற தண்ணீர் மறைந்து மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் அடுத்த தண்ணீர் கட்டலாம். விரல் நுழையும்வரை விட்டால் தாமதம். சரியாகப் பார்க்க விரும்புவோருக்குத் துளையிட்ட குழாய் உண்டு: வயலில் புதைத்த குழாயில் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் இந்தக் காய்ச்சலே கூடாது, தண்ணீர் நிற்க வேண்டும்.

யூரியாவுக்கும் இதில் பங்கு உண்டு. அகலமாய் வெடித்த வயலில் தூவிவிட்டு உடனே மடையைத் திறந்தால், கரைந்த உரம் பிளவு வழியே வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். முதலில் தண்ணீர் கட்டி, மண் உப்பி வெடிப்பு மூடட்டும். உரம் அதற்குப் பிறகு.