கையில் அளந்தால் தெரியாத பிரஷர்

சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் நம்மவர் ஒருவருக்குச் சில நாட்களாக நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு டாக்டரிடம் போகிறார். கையில் பட்டையைக் கட்டிப் பார்க்கிறார்கள். 120-க்கு 80. 'பிரஷர் இல்லை' என்று கேட்ட திருப்தியோடு கடைக்குத் திரும்பிவிடுகிறார். மூச்சிரைப்பு மட்டும் நிற்கவில்லை.

அவருக்குப் பிரஷர் நுரையீரலில் இருக்கக்கூடும். இதயத்தின் இடப்பாகம் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்புகிறது. கையில் அளப்பது அந்த அழுத்தத்தைத்தான். வலப்பாகத்துக்கு வேலை குறைவு. பக்கத்திலுள்ள நுரையீரலுக்கு அனுப்பினால் போதும். எனவே அதன் சுவரும் மெல்லியது. அந்த நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் 20-ஐத் தாண்டினாலே அதிகம் என்பது இன்றைய கணக்கு. அழுத்தம் ஏற ஏற வலப்பாகம் விரிந்து களைத்துப் போகிறது. கால் வீங்குகிறது, சிலருக்கு நடக்கும்போதே மயக்கம் வருகிறது.

ஏன் ஏறுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் உடல் இளைக்க ஒரு மாத்திரை சாப்பிட்ட பலருக்கு இந்நோய் கண்டது. அதன் பிறகு 1973-ல் உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவில் நிபுணர்களைக் கூட்டியது. காரணம் தெரிந்தது, தெரியாதது என்று அப்போது இரண்டாகப் பிரித்தார்கள். 1998-ல் பிரான்சில் கூடியபோது அது ஐந்து வகையாயிற்று.

நுரையீரல் தமனிகளே தடித்துச் சுருங்குவது முதல் வகை. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ளவர்களில் சிலரும் இதில் சேர்வர். இரண்டாவது, இடப்பக்க இதயக் கோளாறு. மூன்றாவது நுரையீரல் நோய். பீடியும் விறகடுப்புப் புகையும் பலரை இங்கேதான் கொண்டு விடுகின்றன. ரத்தக்கட்டி போய் அடைத்துக்கொண்டு கரையாமல் நிற்பது நான்காவது. இதில் பலருக்கு அறுவை சிகிச்சையால் குணம் கிடைக்கிறது. இவற்றில் அடங்காத பலவகைக் காரணங்கள் ஐந்தாவது.

கேரளத்தில் 50 ஆஸ்பத்திரிகளில் சுமார் 2,000 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2018-ல் வெளியிட்டனர். நூற்றுக்கு அறுபது பேரை ஒட்டி இரண்டாவது வகை. கோளாறு இடப்பக்க இதயத்தில், அவதிப்படுவது நுரையீரல்!

இவர்களில் ஒரு சாராரின் கதை சிறு வயதில் தொண்டைப் புண்ணில் ஆரம்பமாகிறது. பிறகு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வரும். 'வளர்கிற வயசு, சரியாய்ப் போகும்' என்று வீட்டில் சொல்லுவார்கள். காய்ச்சல் போய்விடும், இதய வால்வில் தழும்பு நின்றுவிடும். வருஷங்கள் கழித்து வால்வு குறுகி, ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போதுதான் இதை முதன்முதலாகத் தெரிந்துகொள்ளும் பெண்களும் உண்டு. பலூனால் வால்வை விரித்தாலோ, புது வால்வு வைத்தாலோ நுரையீரல் அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும். அப்படி வைப்பதற்கான வால்வு ஒன்றை நம் நாட்டிலேயே செய்து காட்டியது இதே ஊரில், மெடிக்கல் காலேஜ் வளாகத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம். டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில், முந்தைய மாதிரிகள் தேறாமல் போனபின் உருவான சித்ரா வால்வு, 1990 டிசம்பர் 6-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

வகை பிரிப்பது டாக்டர்களின் ஏட்டு விவகாரம் என்று எண்ண வேண்டாம். முதல் வகைக்காரருக்கு நுரையீரல் ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரைகள் தருகிறார்கள். இடப்பக்க வால்வு அடைத்திருப்பவர் அதையே விழுங்கினால், வெளியேற வழியில்லாத ரத்தம் நுரையீரலில் நிறைந்து, நீர் கோத்து, மூச்சு முட்டலாம். ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கி, சீட்டையும் மாத்திரையையும் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடம் இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் சோதனை எக்கோ. ஊசி கிடையாது, வலி கிடையாது. அதில் சந்தேகம் வந்தால், ரத்தநாளம் வழியே மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி அளந்து உறுதி செய்வார்கள். போகும்போது ஊரில் பார்த்த பழைய சீட்டுகளையும் எடுத்துச் செல்லவும். சின்ன வயதில் முழங்கால் வீங்கிக் காய்ச்சலில் படுத்ததுண்டா என்று டாக்டர் கேட்பார். அதை அம்மாவிடம் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.