ரீஸ்டோர் பொத்தானை அழுத்தும் முன்

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் சர்வர்கள் 2024 ஏப்ரல் இறுதியில் தாக்கப்பட்டு, கதிர்வீச்சு சிகிச்சையே தடைபட்டது. நோயாளியின் உயிர்வரை விஷயம் வந்துவிட்ட பிறகும், திரையோரத்தில் ஆன்டிவைரஸ் காட்டும் எச்சரிக்கையை நம்மில் பலர் தொந்தரவாகத்தான் பார்க்கிறோம். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ், தெரிந்த வைரஸோடு பொருந்தினால் ஆன்டிவைரஸுக்கு வேலை சுலபம். பொருந்தாதபோது நடத்தையைக் கவனிக்கும்: மற்ற கோப்புகளை வரிசையாகப் பூட்டப் பார்க்கிறதா, விண்டோஸோடு தானும் தொடங்கும்படி பதிந்துகொள்கிறதா என்று. சந்தேகப்பட்டதைப் பெரும்பாலும் உடனே அழிக்காமல், உருமாற்றி, இயங்க முடியாத தனியிடத்தில் அடைத்துவிடும். இதுதான் குவாரன்டைன். அங்கே கிடக்கும்வரை அந்தக் கோப்பால் தீங்கில்லை. அதை வெளியே விடும் ‘ரீஸ்டோர்’ பொத்தானை அழுத்தும் நம் அவசரம்தான் ஆபத்து.

நல்ல கோப்பையும் பிடிக்கிறதே என்பார்கள். உண்மைதான். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பிக்கு இன்றியமையாத ஒரு கோப்பையே வைரஸ் என்று பிடித்து, உலகெங்கும் கணினிகளை முடக்கியது. ஆனால் இந்தச் சாக்கை விடாமல் சொல்பவர்கள், திருட்டு மென்பொருளுக்குக் ‘கிராக்’ தருகிறவர்கள்: “ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்.” இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டுமா? தவறாகப் பிடிபட்டதாகத் தோன்றினால், தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே மறுபடி இறக்குங்கள். வைரஸ்டோட்டல் தளத்தில் பல ஆன்டிவைரஸ்களின் கருத்தை ஒரே நேரத்தில் அறியலாம். ஆனால் அங்கே ஏற்றும் கோப்பு பிறர் கைக்கும் போகும். ஆதார் நகலையோ மருத்துவ அறிக்கையையோ ஏற்றாதீர்கள்.

ஆன்டிவைரஸ் மட்டும் போதும் என்பதும் தப்புக்கணக்கு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், கேரளத்தில் வயநாட்டின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளைப் பூட்டி, 300 டாலரை பிட்காயினாகக் கேட்டது. யாரும் எதையும் கிளிக் செய்யாமலே நெட்வொர்க் வழியாகப் பரவக்கூடியது அது. அது நுழையப் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட்டும், கணினியிலிருந்து கழற்றி வைத்த பேக்கப்பும் இருந்தால் மிரட்டலுக்குப் பணிய வேண்டியதில்லை.

பாதிக்கப்பட்டால் முதலில் நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். ஃபார்மட் செய்ய ஓடாமல் திரையைப் படமெடுத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசம். வைரஸ் புகுத்தியவர் யாரென்று தெரிந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்கீழ், 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரிடமே மனு செய்யலாம்.