கம்பு கையில் இல்லாத நேரம்

கெங்கவல்லிப் பக்கம் பிள்ளையைச் சிலம்பத்தில் சேர்த்துவிடும் பெற்றோரிடம் எதற்கு என்று கேட்டால், "நாளைக்கு ஒண்ணுன்னா தன்னைக் காப்பாத்திக்கணும் இல்லைங்களா" என்பார்கள். அந்த 'ஒண்ணு' எது? வரப்புத் தகராறும் ஒண்ணுதான். ஆத்தூர் ரோட்டில் பைக்கில் வந்து தாலிக்கொடியை இழுப்பதும் ஒண்ணுதான். வீட்டுக்கு வந்துபோகும் உறவுக்காரன் கை வைப்பதும் ஒண்ணுதான். மூன்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

சிலம்பப் போட்டியில் சமதரை, வட்டம், நடுவர், ஒற்றைக்கு ஒற்றை. நெற்றி உயரக் கம்பு எதிராளியின் உடம்பைத் தொட்டால் புள்ளி. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா விளையாட்டில் இதைக் காட்சிப் போட்டியாகவும் சேர்த்தார்கள். விளையாட்டாக அது வளரட்டும். ஆனால் பேருந்தில் யாரும் கம்போடு ஏறுவதில்லை. கம்பு இல்லாத நாளிலும் கூட வருவது காலடிதான். எதிராளியின் கை எதுவரை எட்டும், எந்த அடியில் விலகலாம் என்ற தூரக் கணக்கு, நாள்தோறும் சுவடு வைத்துப் பழகியவன் காலிலேயே இருக்கும்.

அமெரிக்காவில் சிறை அதிகாரியாக இருந்த ரோரி மில்லர், தற்காப்புக் கலைப் பயிற்சியையும் நிஜ வன்முறையையும் ஒப்பிட்டு 2008இல் ஒரு புத்தகம் எழுதினார். ஆண்களுக்குள் கௌரவத்துக்காக நடக்கும் சண்டைக்கு அவர் வைத்த பெயர் 'குரங்கு நடனம்'. நம்மூரில் அந்த நடனத்துக்கு உடுப்பும் உண்டு: வேட்டியை மடித்துக் கட்டுவது. முதலில் முறைப்பு, பிறகு "யார்றா நீ", அப்புறம் நெஞ்சை நிமிர்த்தி ஓரடி முன்னால், விரல் நீட்டல், தள்ளு, அடி. வரப்பானாலும் டாஸ்மாக் வாசலானாலும் வரிசை மாறாது. சுற்றி நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் பாதியில் விலகுவது இன்னும் கஷ்டம். இதில் ஜெயிப்பவனுக்கும் நஷ்டம்தான். விழுந்தவன் தலை சிமெண்ட் களத்தில் பட்டால் கதை கொலை வழக்கில் முடியும். ஆகவே இங்கே தேவைப்படும் வித்தை, "சரிங்க, நாளைக்குப் பேசிக்கலாம்" என்று சொல்லி ஓரடி பின்வாங்குவது. சிலம்பம் கற்ற பையனுக்கு இது மற்றவனைவிடச் சிரமம் என்பது என் எண்ணம். கற்றதைக் காட்டக் கை ஊறும்.

சட்டமும் இதையொட்டித்தான் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்குத்தான். எதிராளி கீழே விழுந்து, ஆபத்து நீங்கிய பிறகு விழும் அடி தற்காப்புக் கணக்கில் வராது.

சங்கிலிப் பறிப்பில் சண்டைக்கே நேரமில்லை. எதிரே வண்டிகள் வருவது தெரியும்படி ரோட்டின் வலது ஓரமாக நடந்தால் பின்னாலிருந்து பைக் உரசாது. கத்தி தெரிந்தால் நகையை விட்டுவிட வேண்டியதுதான்.

மூன்றாவதுதான் வகுப்புகள் தொடாத இடம். பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்த ஆள் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. புதர் மறைவிலிருந்து பாயும் முகமூடிக்காரனை நினைத்து உதை பழகிய பெண், காபி கொடுத்து உபசரித்த ஆள்முன் உறைந்துபோவாள். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகளை வைத்து நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. ஒரு பாதிக்கு மூன்று மணி நேரம் வீதம் நான்கு வகுப்புகள். அடிதடியோடு, பழகிய ஆள் எல்லை மீறுவதை அடையாளம் காண்பதும் தயக்கத்தை உடைப்பதும் பாடம். ஓராண்டில் வன்புணர்வுக்கு உள்ளானவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம், மற்றவர்களில் 9.8 சதவீதம்.

நம்மூர் ஆசான்களும் வாரத்தில் அரைமணி நேரம் கம்பைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, "கையை எடு" என்று பிள்ளைகளைக் கத்தவைக்கலாம். முதல் நாள் பாதிப் பேருக்குச் சிரிப்பு வரும், மீதிப் பேருக்குக் குரலே வராது. சொந்தக்காரன் என்று நினைத்துச் சொல்லச் சொன்னால், "மாமா, கையை எடுங்க" என்று மரியாதையோடுதான் வரும். சத்தமாக வந்தால் அதுவே போதும்.